திறந்து திறந்து பூட்டிய வீடு

வீடு என்பது மனிதர்கள் குடியிருப்பதற்காகக் கட்டப்படுகிறது என்று ஒரு நம்பிக்கை மக்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். மிகுந்த வருத்தத்துடன் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. குடியிருப்பதற்குப் பாலத்தடி போதும், மதிலோரம் போதும், நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் போதும். மெட்ராஸ் பட்டணத்தில் லட்சக்கணக்கான பேர் அப்படிக் குடியிருந்து இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்திருக்கிறார்கள். வீடு கட்டப்படுவது திறந்து வைப்பதற்காக. திறந்து வைக்க ஒரு பெரிய மனிதர், கைதட்டச் சில சிறிய மனிதர்கள், படம் எடுக்க ஒருவர், இவர்கள் எல்லாரும் நிற்பதற்கு முன்னால் கொஞ்சம் காலி இடம். இவ்வளவு அமைந்துவிட்டால் வீட்டின் இலக்கணம் பூர்த்தியாகிறது. ரிப்பனை எதிலாவது கட்ட வேண்டியிருப்பதால் சுவர் எழுப்புகிறார்கள். பிற்பாடு யாராவது உள்ளே போய்க் குடியிருந்தால் அது தற்செயல். சில சமயம் விபத்து.

மந்தைவெளித் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த முத்துலட்சுமிக்கு இந்த உண்மை தெரியாது. அதனால்தான், வீடு தருகிறோம் என்று சொன்ன அன்றைக்கே அவள் பாத்திரங்களைக் கோணியில் கட்டி வைத்துவிட்டாள்.

அவள் இருந்தது பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஒரு குடிசை. கால்வாய் வெயில் காலத்தில் குடிசைக்கு வெளியே இருக்கும், மழைக் காலத்தில் உள்ளே வந்துவிடும். ஊராரின் துணிகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்து, மறுநாள் பெட்டி போடுவதற்காக இரவில் குடிசையில்தான் வைப்பாள். துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலையை ஐப்பசி, கார்த்திகையில் கூரையே பார்த்துக்கொள்ளும். அதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. புருஷன் கபாலிக்குத்தான் நெஞ்சில் சளி கட்டி, இரண்டு வருஷமாக இருமல். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "மாத்திரை பாதி வேலைதாம்மா செய்யும். இன்னொரு மழைக் காலத்தை இந்த ஆள் ஈரத் தரையில் படுத்துக் கழிச்சார்னா, அப்புறம் எங்கிட்ட வந்து அழாதே."

ஆடி மாசத்தில் டாக்டர் இதைச் சொன்னார். அந்த ஆடியிலேயே வீடும் வந்தது.

கொண்டுவந்தவர் கஸ்தூரிரங்கன். கேசவப் பெருமாள் கோவில் பக்கம் வீடு. தியாகராய நகரில் இருந்த சீதளா தலைவலித் தைலக் கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரி. அதுவரை மக்களோடு அவருக்கு இருந்த தொடர்பு, வாரம் ஐந்து சட்டையை முத்துலட்சுமியிடம் பெட்டி போடக் கொடுப்பதுதான்.

"முத்துலட்சுமி, உனக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு" என்றார் வண்டியருகே வந்து நின்று.

"அதிஷ்டம் இருக்கட்டும் சாமி, இந்தச் சட்டைல இன்னா கறை? சாம்பாரா, கொழம்பா?"

"வத்தக்குழம்பு. அதை விடு. எங்க கம்பெனியிலே ஏழைகளுக்கு வீடு கட்டித் தரப் போறோம். இருபது வீடு. முதல் வீடு, மாடல் வீடு, உனக்குத்தான்."

முத்துலட்சுமி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள். "எனக்கா? ஏன் சாமி?"

"விஞ்ஞான முறைப்படி கணக்கெடுப்பு நடந்தது. அதுலே நீ தேர்வாயிருக்கே."

"எப்ப நடந்துச்சு?"

"இப்பத்தான்" என்றார் கஸ்தூரிரங்கன்.

அந்த வருஷங்களில், வெளிநாட்டுக் கூட்டு இல்லாத கம்பெனியைத் தியாகராய நகரில் சற்று இரக்கத்தோடுதான் பார்த்தார்கள். சீதளா கம்பெனியும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு நிச்சயதார்த்தம் வரை போயிருந்தது. அப்போது மாப்பிள்ளை வீட்டார் எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டுவிட்டார்கள்: உங்களைச் சுற்றி வசிக்கும் ஜனங்களுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தலைவலிக்குத் தைலம் செய்கிறோம் என்று எழுதிப் போட்டார்கள். அது போதாது என்று பதில் வந்தது. பங்குனித் தேரின்போது நீர்மோர்ப் பந்தல் வைக்கிறோமே என்றார்கள். அதற்குப் பதிலே வரவில்லை. அமெரிக்காவில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அச்யுத்துக்குத்தான் விஷயம் புரிந்தது. ஏழைகளுக்கு வீடும் வேண்டும், பொதுஜன ஆரோக்கியமும் வேண்டும். வீட்டோடு ஒரு பெட்டி தைலமும் கொடுத்துவிட்டால் இரண்டும் தீர்ந்தது.

இடம் மட்டும் கொஞ்சம் இழுத்தது. கால்வாயின் தண்ணீர் ஓர் இலாகாவுக்குச் சொந்தம், கரை இன்னொன்றுக்கு. கரையில் இருப்பவர்கள் எவருக்கும் சொந்தமில்லை. கடைசியில் 'சம்பந்தப்பட்ட இலாகா' என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஓர் இலாகாவிலிருந்து சுப்புராயன் என்ற அதிகாரி வந்து, முத்துலட்சுமியின் குடிசைக்குப் பக்கத்துக் குப்பை மேட்டைப் பார்வையிட்டு, "இதில் கட்டுவதற்கு ஆட்சேபணை இல்லை, கட்டாமலிருப்பதற்கும் ஆட்சேபணை இல்லை" என்று அனுமதி வழங்கினார்.

வீடு ஆவணியில் எழும்பிவிட்டது. ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு கழிப்பறை. கான்கிரீட் கூரை. தைல டப்பா என்ன நிறமோ அதே ஊதா நிறத்தில் வெளிச்சுவர். வாசலில் கறுப்புக் கல்லில் பொன் எழுத்துப் பலகை. தரைதான் முத்துலட்சுமியின் கண்ணில் பட்டது. கால்வாய் மட்டத்திலிருந்து இடுப்பு உயரம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கபாலியின் பாயை எந்த மூலையில் போடுவது என்று அவள் அன்றே தீர்மானித்துவிட்டாள்.

திறப்பு விழாவுக்கு ஓய்வு பெற்ற ஒரு உயர் அதிகாரி வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். முத்துலட்சுமியையும் கபாலியையும் முதலில் குடிசை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு வீட்டு வாசலில் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள். ரிப்பன் வெட்டி, ஒரு ஆள் உயரத்துக்கு தெர்மாகோலில் செய்த சாவியை அவளிடம் கொடுத்தார்கள். கபாலிக்கு ஒரு பெட்டி தைலம்.

கூட்டம் கலைந்ததும் முத்துலட்சுமி கஸ்தூரிரங்கனிடம் போனாள்.

"சாமி, மெய் சாவி?"

"அது எங்கிட்ட பத்திரமா இருக்கு."

"இருக்கட்டும். எப்பக் குடுப்பீங்க?"

"இப்பத்தானேம்மா குடுத்தோம்?"

"இது தெர்மாகோல் சாமி. பூட்டுல நொழையாது."

கஸ்தூரிரங்கன் குரலைத் தாழ்த்தினார். "சித்த பொறுத்துக்கோ. அடுத்த மாசம் வெளிநாட்டுலேர்ந்து அவா வரா. நீ இப்பவே உள்ள போய் அடுப்பு மூட்டிட்டேன்னு வை, அவா எதைத் திறப்பா? ஜனங்க குடியிருக்கற வீட்டை யாராவது திறந்து வைக்க முடியுமோ? நீயே யோசிச்சுப் பாரு."

முத்துலட்சுமி யோசித்துப் பார்த்தாள். யோசிக்கிற வரைக்கும் சரியாகத்தான் இருந்தது.

வெளிநாட்டார் அடுத்த மாசம் வரவில்லை. ஆனால் வீடு சும்மா இருக்கவில்லை. திறந்து வைக்க ஒரு வீடு கால்வாய்க் கரையில் தயாராக இருக்கிறது என்ற செய்தி மயிலாப்பூரிலும் அடையாறிலும் பரவிவிட்டது. கம்பெனியின் பங்குதாரர்கள் வந்து திறந்தார்கள். கம்பெனிக்குக் கடன் கொடுத்த பாங்கியின் மேலாளர் திறந்தார். ஒரு மாதர் சேவைச் சங்கம் மஞ்சள் குங்குமத்தோடு வந்து திறந்தது. தைலத்தை மொத்தமாக வாங்கும் விநியோகஸ்தர்களுக்குச் சரக்கின் மேல் தள்ளுபடி தருவதற்குப் பதிலாக ஆளுக்கு ஒருமுறை திறக்கும் வாய்ப்பைத் தரலாம் என்று அச்யுத் கண்டுபிடித்தார். ஒவ்வொரு முறையும் முத்துலட்சுமி குடிசை வாசலில் சிரிக்காமல் நின்றாள், வீட்டு வாசலில் சிரித்தாள், தெர்மாகோல் சாவியை வாங்கிக்கொண்டாள். கார்கள் போனதும் கஸ்தூரிரங்கன் அதைத் திரும்ப வாங்கித் தூசி தட்டி, வண்டியின் பின்சீட்டில் படுக்க வைத்து எடுத்துக்கொண்டு போனார். மாதர் சங்கம் வந்தபோது எங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டால் படத்தில் விழும் என்பதுகூட அவளுக்குப் பழகிவிட்டது.

"எத்தினி தபாடீ குட்த்தாங்க இதுவரிக்கும்?" என்று கேட்டான் கபாலி, பாயில் எழுந்து உட்கார்ந்து இருமி முடித்து.

"நா எண்ணல."

"அண்ணா நகர்ல கீற பணக்காரன்கூட இத்தினி வூடு வாங்கியிருக்க மாட்டான். நமக்குத்தான் படுக்க எடமில்ல."

"வாய மூடிக்கினு படு. பேசுனா இருமல் வரும்."

"எனக்கு சளி மார்ல கீது. இவங்க நெத்திக்குத் தடவச் சொல்லி டப்பா டப்பாவா குடுத்துக்கினு கீறாங்க. தலவலி வந்தாத்தானே தடவறது?"

"அந்தப் பூட்டப் பாரு. தானா வரும்."

பக்கத்துக் குடிசையில் இருந்த பீர் முஹம்மது குடை ரிப்பேர் செய்கிறவர். இரண்டாவது வீடு அவருக்கு என்று கஸ்தூரிரங்கன் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். எனவே முத்துலட்சுமியின் வீட்டு விஷயத்தில் அவருக்கு அவளைவிட அக்கறை.

"ஏம்மே, ஒனக்குக் குட்த்து முடிச்சாத்தானே எனக்கு ஆரம்பிப்பாங்க? கொஞ்சம் சீக்கிரமா வாங்கித் தொலையேன்."

"நா இன்னா பாய் வாணாம்னா சொல்றேன்? அவங்க குடுக்கறத நிறுத்துனாத்தானே நா வாங்க முடியும்?"

ஐப்பசி பிறந்தது. முதல் மழையிலேயே குடிசையின் பின்பக்கச் சுவர் உட்கார்ந்துவிட்டது. கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முத்துலட்சுமிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட உண்டாயிற்று. இனிமேல் வேறு வழியில்லை, சாவி கொடுத்துத்தான் ஆக வேண்டும். மழை விட்டதும் கஸ்தூரிரங்கனோடு அச்யுத்தே காரில் வந்து இறங்கியதைப் பார்த்தபோது அந்த நம்பிக்கை உறுதியாயிற்று.

அச்யுத் வீட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. சரிந்த குடிசையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, நம்ம பிஃபோர் போயிடுச்சே!"

"இன்னா போச்சாம்?" என்றாள் முத்துலட்சுமி.

"முன்பு எப்படி இருந்தேள், பின்பு எப்படி ஆனேள்னு காட்டணுமோல்லியோ" என்று விளக்கினார் கஸ்தூரிரங்கன். "குடிசைதான் பிஃபோர், வீடு ஆஃப்டர். பிஃபோரே விழுந்துட்டா இது எதுக்கு ஆஃப்டர்னு வரவாளுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப நாங்க எங்க படுக்கறது? சாவியக் குடுங்க சாமி."

அச்யுத் பொறுமையாகச் சொன்னார். "இங்க பாருங்கம்மா, பிஃபோர்ல இருக்கறவங்க நேரா ஆஃப்டருக்குள்ள போயிட்டா கான்செப்டே போயிடும். இன்னும் ஒரே ஒரு வாட்டி. ஃபாரின் பார்ட்டி வந்துட்டுப் போகட்டும். அதுக்குள்ள உங்க குடிசையை நாங்களே கட்டித் தரோம்."

இதற்காகப் பெசன்ட் நகரிலிருந்து ஸஹானா என்ற கட்டடக் கலை நிபுணர் வரவழைக்கப்பட்டார். கைத்தறிப் புடவை, கழுத்தில் சுட்ட மண் மணிமாலை, தோளில் ஜோல்னாப் பை. அவருடைய ஒரு மாதக் கட்டணத்தில் கால்வாய்க் கரையில் நாலு குடிசை போட்டிருக்கலாம். ஆனால் அவை அவ்வளவு ஏழ்மையாக அமைந்திருக்காது. "மண்ணை மதிக்கணும்" என்று அவர் முத்துலட்சுமியிடம் சொன்னார். முத்துலட்சுமி மதித்தாள். செம்மண்ணில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் கலந்து சுவர் எழுந்தது. புதுப்பேட்டை, மூர் மார்க்கெட் என்று அலைந்து பழைய மூங்கில் வாங்கினார்கள். புது மூங்கிலில் ஏழ்மை போதவில்லை. கூரைக்கு ஓலை வேய்ந்து, ஓலைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் தார்ப்பாய் வைத்தார்கள். வாசலில் கோலம் போடத் தனியாக ஒரு பெண் வந்தாள்.

கபாலியும் முத்துலட்சுமியும் அந்த நாட்களில் இஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்தார்கள். குடிசை முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். ஸஹானா கையை நீட்டி மறித்தார்.

"அம்மா, சுவர் இன்னும் மூச்சு விட ஆரம்பிக்கலை. ஒரு மாசம் ஆகட்டும். அப்புறம், உள்ள அடுப்பு வைக்காதீங்க. புகை பட்டா ஓலையோட நிறம் போயிடும்."

"சொவரு மூச்சு வுடணும், சரிம்மா. இந்த ஆளும் மூச்சு வுடணுமே" என்றாள் முத்துலட்சுமி, கபாலியைக் காட்டி.

ஸஹானா கபாலியைப் பரிவோடு பார்த்துவிட்டு, குடிசைக்கு ஒரு பழங்காலப் பித்தளைப் பூட்டாகத் தேடிப் போட்டுவிட்டுப் போனார்.

இப்போது முத்துலட்சுமிக்கு இரண்டு வீடுகள். இரண்டும் பூட்டியிருந்தன. கால்வாய்க் கரையில் இந்த அந்தஸ்து அதுவரை எவருக்கும் கிடைத்ததில்லை.

கார்த்திகை மாசத்து மழை, நின்று பெய்கிற மழை. ஒரு விடியற்காலையில் வண்டிக்கு அடியில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. கபாலி இருமவில்லை. அதுதான் முத்துலட்சுமியைப் பயமுறுத்தியது. இருமுவதற்குக்கூட அவனிடம் பலம் இல்லாமல், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். அவள் வண்டியிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். கரி போட்டு எரிக்கிற கனத்த பித்தளைப் பெட்டி. ஊதா வீட்டின் பூட்டை அதனால் ஓங்கி அடித்தாள். ஏகப்பட்ட பெரிய மனிதர்கள் திறந்து வைத்த கதவு, அன்றைக்குத்தான் திறந்தது.

பீர் முஹம்மதுவும் அவளும் கபாலியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே, அவள் ஆவணியிலேயே பார்த்து வைத்திருந்த மூலையில் படுக்க வைத்தார்கள். தரை காய்ந்திருந்தது. அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தாள். மத்தியானம் அவன் இருமினான். சாயங்காலம், "இன்னாடி, ரசம் எதுனா கீதா?" என்று கேட்டான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். படம் எடுக்க அங்கே யாரும் இல்லை.

மழை தொடர்ந்தது. விழாக்கள் நின்றுபோனதால் கஸ்தூரிரங்கன் அந்தப் பக்கம் வரவில்லை. வீடு, திறப்பதற்காகக் கட்டப்பட்ட வீடாகையால், குடியிருக்க ஆரம்பித்ததும் தன் சுபாவத்தைக் காட்டியது. ஊதா நிறம் செதில் செதிலாக உரிந்தது. அடுப்படிச் சுவர் கரி பிடித்தது. கழிப்பறைக்குக் கீழே தொட்டி என்று எதுவும் கிடையாது என்பது தெரிந்தது. ஊராரின் ஈரத் துணிகளை முத்துலட்சுமி ஜன்னல் கம்பியிலும் கதவிலும் உலர்த்தினாள். கல்வெட்டுப் பலகையின் மேல் ஒரு வழக்கறிஞர் வீட்டுப் போர்வை தொங்கியது. ஆனால் கூரை ஒழுகவில்லை, தரை நனையவில்லை. அவளுக்கு அது போதும்.

அப்படியிருக்கும்போது, மழை இடைவெளி விட்ட ஒரு காலையில், மூன்று கார்கள் வந்து நின்றன. அச்யுத், கஸ்தூரிரங்கன், ஸஹானா, சம்பந்தப்பட்ட இலாகாவின் சுப்புராயன், இவர்களுக்கு நடுவே வெள்ளைக்காரர் ஒருவர், மிஸ்டர் கெல்லர். கடைசியில் வந்தே விட்டார்.

அச்யுத் வீட்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது. கஸ்தூரிரங்கனைத் தனியே இழுத்தார்.

"உள்ள யார் அது?"

"பயனாளிதான் சார்."

"பயனாளிக்கு உள்ள என்ன வேலை?"

"பயன் அடைஞ்சிண்டிருக்கா சார்."

மிஸ்டர் கெல்லர் அதற்குள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். உரிந்த சுவரைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், சொட்டுகிற துணிகளைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். எலும்பும் தோலுமாக ஒரு மனிதன் பாயில் படுத்திருந்தான். சுற்றிலும் தலைவலித் தைல டப்பாக்கள். மிஸ்டர் கெல்லரின் கண்கள் கலங்கின. தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"இன்னா சாமி சொல்றாரு?" என்று முத்துலட்சுமி கேட்டாள். பூட்டு உடைத்ததற்குப் போலீஸில் கொடுப்பார்களோ என்று அவளுக்கு உதறல்.

கஸ்தூரிரங்கன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். "இவ்வளவு மோசமான நிலைமையிலயா நீங்க வாழ்ந்தேள்னு கேக்கறார். உங்களை மீட்டுக் கொண்டுபோகப் போற புது வீடு எங்கேன்னு கேக்கறார்."

மிஸ்டர் கெல்லரே திரும்பிப் பார்த்துக் கண்டுபிடித்தார். மழையில் கழுவிவிட்டாற்போல் செம்மண் சுவர், புது ஓலை, மூங்கில் ஜன்னல், மாக்கோலம், பித்தளைப் பூட்டு. "ஆ!" என்றார். கையை விரித்துக்கொண்டு குடிசையை நோக்கி நடந்தார். ஸஹானா ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று, மண் மூச்சு விடுவதைப் பற்றி இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார். மிஸ்டர் கெல்லர் சுவரைத் தடவினார், முகர்ந்து பார்த்தார். தங்கள் ஊரில் இப்படி ஒரு வீட்டில் வசிப்பதற்கு மிகப் பெரிய பணக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும் என்றார். சிமெண்ட் என்னும் சாபத்திலிருந்து ஏழைகளை விடுவிக்கும் கம்பெனியோடு கூட்டுச் சேர்வது தங்கள் பாக்கியம் என்றார்.

அச்யுத் அமெரிக்காவில் இரண்டு வருஷம் வீணாகப் படிக்கவில்லை. ஒரே ஒரு முறை மூச்சை இழுத்து விட்டார். "எக்ஸாக்ட்லி" என்றார்.

காரில் ரிப்பனும் கத்தரிக்கோலும் எப்போதும் இருந்தன. குடிசை வாசலில் ரிப்பன் கட்டினார்கள். முத்துலட்சுமியையும், கைத்தாங்கலாகக் கபாலியையும் ஊதா வீட்டு வாசலில் நிறுத்தி, சிரிக்கக் கூடாது என்றார்கள். பிறகு குடிசை வாசலில் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள்.

"எங்க சிரிக்கணும்னு மாத்தி மாத்திச் சொன்னா எப்படிடி?" என்று முனகினான் கபாலி.

"சும்மா சிரி" என்றாள் முத்துலட்சுமி. மிஸ்டர் கெல்லர் தெர்மாகோல் சாவியை அவளிடம் கொடுத்தார்.

பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. பாக்கிப் பத்தொன்பது வீடுகளையும் இதே மாதிரி கட்டுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று மிஸ்டர் கெல்லர் கேட்டார். அச்யுத் சுப்புராயனைப் பார்த்தார். சுப்புராயன் கால்வாய்க் கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். வரிசையாகக் குடிசைகள். இருபத்தைந்து வருஷ உத்தியோகத்தில் அவர் முகத்தில் இவ்வளவு தெளிவை யாரும் கண்டதில்லை.

"மாடல் வீட்டின் லட்சணம் என்ன? மண் சுவர், ஓலைக் கூரை, சிமெண்ட் கூடாது. அப்படிப்பட்ட வீடுகள் இங்கே ஏற்கெனவே இருக்கின்றனவே, சார்! இருபதுக்கு மேலேயே இருக்கும். இருப்பதை இடித்துவிட்டு அதையே மறுபடி கட்டினால் ஆடிட்டில் ஆட்சேபணை வரும். பணி முடிவுற்றது என்றே நான் சான்று கொடுத்துவிடலாம். ஆனால் பயனாளிகள் தரப்பில் ஒருவர் சொல்ல வேண்டும்." அவர் முத்துலட்சுமியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, மற்றவர்கள் வீடும் இதே மாதிரிதானே?"

செம்மண் குடிசைக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வித்தியாசம் முத்துலட்சுமிக்குத் தெரியாதா? எத்தனை மூட்டை வெல்லம் சுவருக்குள் போயிற்று என்பதையே பார்த்துக்கொண்டிருந்தவள். வாயைத் திறந்தாள். கஸ்தூரிரங்கன் அவள் பக்கம் குனிந்தார்.

"முத்துலட்சுமி, நன்னாக் கேட்டுக்கோ. இனிமே ஊதா வீடுதான் பிஃபோர். பிஃபோர்னா உள்ள ஆள் இருந்தாகணும். நீங்க ரெண்டு பேரும் அதுலேயே இருந்துக்கலாம். சுண்ணாம்பு மட்டும் அடிக்கப்படாது. நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா, பூட்டை உடைச்சதை யாரும் கேக்க மாட்டா. இல்லேன்னு சொன்னா, எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிப்பா." சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் கையில் அழுத்தினார். சின்ன இரும்புச் சாவி. பூட்டே இல்லாத சாவிதான். ஆனாலும் மெய் சாவி.

முத்துலட்சுமி கபாலியைப் பார்த்தாள். வெளியே நின்ற அந்த நேரத்துக்கே அவனுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. இந்தப் பக்கம், தன் குடிசை ஓரமாக, பீர் முஹம்மது ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது.

"ஆமா சார்" என்றாள். "எல்லாம் ஒரே மாதிரிதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். மிஸ்டர் கெல்லர் நெகிழ்ந்துபோய், கரையில் இருந்த வீட்டுக்கெல்லாம் தலா ஒரு பெட்டி தைலம் தருமாறு கேட்டுக்கொண்டார். ஸஹானா குடிசையின் பித்தளைப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

கார்கள் போன பிறகு பீர் முஹம்மது கிட்டே வந்தார். "ஒரே மாதிரியாம்மே?" என்று கேட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. முத்துலட்சுமி கபாலியை உள்ளே அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

தை பிறப்பதற்குள் கபாலியின் நெஞ்சுச் சளி கரைந்து, அவன் வண்டி தள்ளும் அளவுக்குத் தேறிவிட்டான். அந்த ஆண்டு சீதளா கம்பெனியின் ஆண்டறிக்கையில், இருபது வீடுகள் என்ற இலக்குக்கு எதிராக நாற்பத்து மூன்று வீடுகள் கட்டி முடிக்கப்பட்டதாகப் பங்குதாரர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. கஸ்தூரிரங்கனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

மாசி மாசத்தில் சம்பந்தப்பட்ட இலாகாவிலிருந்து இருவர் தார் டப்பாவும் தூரிகையுமாக வந்து, கட்டி முடிக்கப்பட்ட வீடுகளுக்கெல்லாம் கதவு எண் எழுதி, வீட்டு வரி நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். பீர் முஹம்மதுவின் வீட்டில் கதவு இல்லாததால், எண்ணைச் சாக்குப் படுதாவின் மேல் எழுதினார்கள்.